மாற்றக் கூடாது என்று நான் விதித்த நிபந்தனை

வாவியில் காற்று பலக்கும் முன் மீனவர்களின் கைப்பேசிக்கு எச்சரிக்கை அனுப்பும் செயலி ஒன்றை எழுதி, அதன் நிரலை எவரும் பயன்படுத்தும்படி இணையத்தில் வைத்திருந்தேன். என் கட்டுரைகளுக்கு இடும் உரிமத்தையே அதற்கும் இட்டேன்: பகிரலாம், மாற்றி வெளியிடக் கூடாது.

ஒரு பிற்பகல், மீனவரான என் கணவர் ஆரையம்பதியிலிருந்து தோணியில் புறப்பட்ட பின், ஏறாவூரிலிருந்து அறிமுகமில்லாத இளைஞர் ஒருவர் அழைத்தார்.

"அக்கா, ஒங்கட செயலியில ஒரு பிழை இருக்கு. காத்துக் கூடினாலும் சில போனுக்கு எச்சரிக்கை வராது. நான் போன மாசமே திருத்திட்டன்."

"பிறகு ஏன் தம்பி வெளியிடல்ல?"

"மாத்தப்படாதெண்டு நீங்கதானே போட்டிருக்கீங்க. ஒங்கட நம்பரத் தேடிப் பிடிக்க இவ்வளவு நாள் போயிட்டு."

வெளியே வானம் கறுத்திருந்தது. கணவரை அழைத்தேன், பதிலில்லை. மீண்டும் மீண்டும் அழைத்தபடி கரையில் நின்றேன். எதிர்க்கரை மழையில் மறைந்தது.

இருட்டும் வேளையில் நனைந்து நடுங்கியபடி வந்து சேர்ந்தார். கரையோரச் சேற்றில் அடர்ந்து நிற்கும் கண்டல் மரங்களுக்கிடையே தோணியைக் கட்டிக்கொண்டு இருந்தாராம்.

"நீ செஞ்ச செயலிக்கு நல்ல நித்திரை போல," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் தலையைத் துவட்டிவிட்டேன்.

இப்போது கட்டுரைகளுக்கும் விளக்கக் கையேட்டுக்கும் மட்டுமே அந்தப் பழைய உரிமம். நிரலுக்கு, எவரும் திருத்தி வெளியிட இடந்தரும் மென்பொருள் உரிமத்தை இட்டிருக்கிறேன். அதன்பின் ஏறாவூர்த் தம்பி இன்னொரு பிழையையும் திருத்தினார். அது வெளிவந்த பிறகே எனக்குத் தெரிந்தது.