இரண்டாவது ஆடு

ஓர் ஆட்டைக் குளியலறையில் ஆறு நாள் ஒளித்து வைப்பது எவ்வளவு பெரிய பாடு என்று ஒளித்து வைத்தவர்களுக்குத்தான் தெரியும். எங்கள் வீட்டுக்குத் தெரியும்.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் இருக்கும். அமீரகத்தில் ராஸ் அல் கைமாவுக்கும் வடக்கே, மலை வந்து கடலில் முட்டுகிற இடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. அம்மா அங்கே நர்ஸ்; பின்னாலேயே குவார்ட்டர்ஸ். அப்பா கல் குவாரியில் மெக்கானிக். மலைக்காரர்கள் ஆடும் தேனும் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு சந்தைக்கு இறங்குவார்கள். அவர்கள் கையில் எப்போதும் குட்டிக் கோடரி பூட்டிய ஒரு கம்பு இருக்கும். படிக்காவிட்டால் அவர்களிடம் பிடித்துக் கொடுப்பேன் என்று எட்டு வயதான என்னை அப்பா மிரட்டுவார்.

மழையில் மலைப்பாதை அறுத்துக்கொண்டு போன ஒரு நாள், மலைக்காரர் ஒருவர் தன் நிறைமாத மனைவியை எப்படியோ பிக்கப்பில் கொண்டுவந்தார். டாக்டர் வருவதற்குள் வண்டியிலேயே பிரசவம் பார்த்தது அம்மாதான். மறுவாரம் அவர் ஒரு கறுப்புக் கிடாவோடு எங்கள் வாசலில் நின்றார். கயிற்றை அம்மா கையில் திணித்தவர், வேண்டாமென்று சொல்வதற்குள் போய்விட்டார்.

அம்மா அவசரமாகக் கிடாவை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நோயாளிகளிடம் எதையும் வாங்கக் கூடாது என்பது சட்டம். முந்தின வருஷம் ஒரு வாட்ச் வாங்கிய நர்ஸைக் கையோடு ஊருக்கு அனுப்பியிருந்தார்கள்.

“மேட்ரன் கண்ணுல பட்டா வேல போச்சு. பின்னே ஒங்கப்பாக்க சம்பளத்துல கஞ்சிதான் பிள்ளே” என்றாள் என்னிடம்.

“அதுக்குத்தான் சொல்லுதேன், இண்ணைக்கே வெட்டிக் கறி வச்சிருவோம். சாட்சி இருக்காதுல்லா” என்றார் அப்பா.

நான் அழுத அழுகையில் கிடா உயிர் தப்பிக் குளியலறைக்குப் போனது. அங்கே என் ஆங்கில நோட்டையும் அம்மாவின் டியூட்டி சீட்டையும் தின்றது. அது கத்தும்போதெல்லாம் அப்பா டிவி சத்தத்தைக் கூட்டினார்.

வெள்ளிக்கிழமை கம்பெனி வண்டியில் கிடாவை மலைக்குத் திருப்பிக் கொண்டுபோனோம். கல் அடுக்கிய வீடு, பக்கத்தில் பட்டி. பட்டியில் இரண்டே ஆடுகள், ஒன்றுக்குத்தான் பால்மடி. இவ்வளவுதானா என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அப்பா தனக்குத் தெரிந்த மூன்று பாஷையையும் கலந்து, “பக்ரி மாஃபி, பாய்... கலாஸ்” என்றார். ஆடு வேண்டாம், அவ்வளவுதான் என்று அர்த்தமாம். அந்த மனிதர் கிடாவையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார். பிறகு காபியும் பேரீச்சம்பழமும் கொடுத்தார். பாரம் இறங்கியதென்று அப்பா வழியெல்லாம் சீட்டியடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் ஸ்கூல் பஸ்ஸுக்கு நிற்கிறேன். அதே பிக்கப். அவர் ஒரு கையில் கிடாவையும் இன்னொரு கையில் அந்தப் பால் ஆட்டையும் பிடித்துக்கொண்டு இறங்கினார். டியூட்டி மாறும் நேரம். மேட்ரன் முதல் வாட்ச்மேன் வரை எல்லோரும் அங்கே. வெளியே வந்த அம்மாவிடம் அவர் இரண்டு கயிறுகளையும் நீட்டினார். தலை நிமிரவில்லை.

“சிஸ்டர், ஹாதா ஸைன். தூத் அச்சா.” இது நல்ல ஆடு, நன்றாகப் பால் தரும் என்றார்.

“எம்மா, இன்னொண்ணு!” என்று நான் குதித்தேன்.

அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கிடாவின் கயிற்றை மட்டும் வாங்கிக் கையில் சுற்றிக்கொண்டாள். பால் ஆட்டை அவர் பக்கம் தள்ளி, குழந்தைக்கு என்று இரண்டு கைகளாலும் தாலாட்டிக் காட்டினாள். அப்போதுதான் அவர் நிமிர்ந்து சிரித்தார்.

மேட்ரன் அம்மாவை உள்ளே கூப்பிட்டு அரை மணி நேரம் பேசினார். வேலை போகவில்லை, அந்த வருஷத்து லீவு போயிற்று. கிடா ஈஸ்டர் வரை இருந்தது. அப்புறம் நடந்ததை எலும்பு வரை ருசித்த அப்பாவிடம்தான் கேட்க வேண்டும். நானோ, ஊருக்குப் போக முடியாததற்கும் கைக்கு வந்த பால் ஆட்டை விட்டதற்கும் சேர்த்து அம்மாவோடு ரொம்ப நாள் முறைத்துக்கொண்டிருந்தேன்.

திருப்பிக் கொடுத்ததை ‘இது போதாது’ என்று அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டில் பச்சை உடம்புக்காரிக்கு இருந்த பால் அந்த ஒரு ஆட்டின் பால்தான். இதெல்லாம் எனக்கு உறைக்க எத்தனையோ வருஷமாயிற்று. ஆறு நாள் நடுங்கி நடுங்கிக் குளியலறையைப் பூட்டி வைத்த அம்மா, மேட்ரன் பார்த்துக்கொண்டிருக்க, கிடாவை ஆஸ்பத்திரி முன்வாசல் வழியாகவே நடத்திக்கொண்டு வந்தாள். அவளுக்குத் திடீரென்று பயம் எங்கே போயிற்று என்று அன்று எனக்குப் புரியவேயில்லை.