ஜாங்கிரியின் உபவாசம்

போன செவ்வாய்க்கிழமை காலை குன்றத்தூரில் ஒரு கால்நடை கிளினிக்கில் உட்கார்ந்து, உண்மை சொல்வதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மடியில் கூடை. கூடைக்குள் எங்கள் பூனை ஜாங்கிரி.

வந்தது எதற்கு? பூனைக்குப் பல் கிளீனிங்! சிரிக்காதீர்கள். ஜாங்கிரி ஒரு கொட்டாவி விட்டால் போதும், படப்பை மீன் கடை மொத்தமும் வீட்டுக்குள் வந்துவிடும். பல்லில் அப்படியொரு காறை. மயக்க ஊசி போட்டுத்தான் சுத்தம் செய்ய முடியும் என்றார் டாக்டரம்மா. ஒரே நிபந்தனை – முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் தின்னக்கூடாது.

"வயித்துல ஏதாவது இருந்தா, மயக்கத்துல வாந்தி எடுத்து நுரையீரலுக்குப் போயிடும். உயிருக்கே ஆபத்து மேடம்."

என் கணவர் ஆரோக்கியராஜ் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேஃப்டி சூப்பர்வைசர். விடுவாரா? அங்கே மிஷினை ரிப்பேர் செய்யும்போது சுவிட்சில் பூட்டு போட்டு, சிவப்பு அட்டை தொங்கவிடுவார்கள். போட்டவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. அதே பூட்டு, அதே அட்டை எங்கள் சமையலறை அலமாரிக்கு வந்தது. அக்கம்பக்கத்தாரை கேட் அருகே நிறுத்தி, ஷிப்ட் ஆரம்பத்தில் பேசுவதுபோல ஐந்து நிமிட உரை வேறு!

"யாரும் ஒரு பருக்கைகூட போடக்கூடாது. முக்கியமா..." என் பக்கம் திரும்பினார். "நீதான் வீக் பாயின்ட்டு. மனசு எளகிடுவ."

அத்தனை பேர் முன்னால்! எனக்கு எப்படி இருந்திருக்கும்?

சத்தியமாக மனசு இளகவில்லை. காலையில் கூடையைக் கண்டதும் ஜாங்கிரி பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது, அவ்வளவுதான். இவர் குளித்துக்கொண்டிருந்தார். ஒன்பது மணிக்கு அப்பாயின்ட்மென்ட். கெஞ்சினேன். துடைப்பத்தை நீட்டினேன். ம்ஹூம்... கடைசியில், அலமாரிப் பூட்டுக்குத் தப்பி இட்லிப் பானைக்குப் பின்னால் இருந்த பொட்டலத்திலிருந்து இரண்டு நெத்திலிக் கருவாட்டைக் கூடைக்குள் போட்டேன். ராணி மாதிரி உள்ளே போனது. டக்கென்று மூடினேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கருவாடும் சாப்பாடுதான் என்பது சோமங்கலம் தாண்டும்போதுதான் உறைத்தது.

"எதுவும் சாப்பிடலியே?" ஊசியில் மருந்தை ஏற்றியபடி டாக்டரம்மா கேட்டார்.

"ஜீரோ டாக்டர்!" இவர் நெஞ்சை நிமிர்த்தினார்.

சொன்னால் சாகும்வரை இவர் குத்திக்காட்டுவார். சொல்லாவிட்டால்? ரெண்டே ரெண்டு நெத்திலி, என்ன ஆகிவிடப் போகிறது என்று மனசு வக்காலத்து வாங்கியது. அந்த நேரம் பார்த்து ஜாங்கிரி கூடைக் கம்பி வழியே என் விரலை நக்கியது.

"டாக்டர்... ரெண்டு கருவாடு தின்னிருச்சு. நான்தான் போட்டேன்."

ஊசி மேஜைக்குப் போனது. "நல்லவேளை சொன்னீங்க மேடம். அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

வசவுக்குத் தயாராகக் காரில் ஏறினேன். மணிமங்கலம் நெருங்கும்போது இவர் தொண்டையைக் கனைத்தார்.

"நீ சொன்னதும் நல்லதாப் போச்சு. காத்தால நானும் கொஞ்சம் பால் ஊத்திட்டேன்."

"இன்னாது?"

"இன்னா மூஞ்சி வச்சிக்கினு பாத்துச்சு தெரியுமா? அர டம்ளர்தான்..."

"அப்புறம் டாக்டர் கிட்ட ஜீரோன்னு சொன்னீங்க? நான் வாயத் தொறக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?"

முகம் வெளுத்துப்போய் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. பின் சீட்டில் ஜாங்கிரி மட்டும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

சட்டம் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு போல – அது அடுத்தவருக்கு மட்டும்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அன்றைக்கு என்னை ஒரு சொல் திட்டவில்லை இவர். எப்படித் திட்டுவார்?

சர்ச்சில் பாதிரியாரிடம் பாவத்தை ஒப்புக்கொள்வதுபோல் பாவசங்கீர்த்தனம் செய்தது நான்... ஓசியில் மன்னிப்பு வாங்கிக்கொண்டது அவர்!