நாப்பத்தி மூணாவது கேள்விக்கு அப்பறம்

எங்க சபையில யாருக்காவது பேய் புடிச்சிருக்கு, ஜெபம் பண்ணணும் வாங்கன்னு கூப்ட்டாக்கூட, மொதல்ல அந்தப் பொண்ணு ஒடம்புல ரத்தம் எவ்ளோ இருக்குன்னு பாருங்க, முருங்கக்கீர ஆக்கிப் போடுங்கன்னு சொல்லிட்டு வர்ற ஆளு நானு. அதனால எங்க பாஸ்டருக்கே என் மேல கொஞ்சம் கோவம். இத எதுக்கு சொல்றேன்னா, இப்ப நான் சொல்லப்போறத கேட்டுட்டு நீங்களும் என்ன ஒரு மாதிரி பாப்பீங்க. எல்லாரும் அப்பிடித்தான் பாக்கறாங்க, எனக்கு பழகிப்போச்சி. நம்புனா நம்புங்க, இல்லன்னா டீய குடிச்சிட்டு கெளம்புங்க.

எனக்கு வேல சர்வே எடுக்கறது. சென்னையில பெரிய படிப்பு படிச்சவங்க பண்ற ஆராய்ச்சி அது. குடி, கஞ்சா, யார் யார்கூட சகவாசம், காண்டம் போடறாங்களா இல்லியா, எச்.ஐ.வி.யப் பத்தி இன்னா தெரியும், இதெல்லாம் வூடு வூடா போயி கேக்கணும். கள்ளக்குறிச்சியில ஆபீசு. தியாகதுருகம் பக்கம் ஒரு வாரம், கச்சிராயபாளையம் பக்கம் ஒரு வாரம், மலைமேல ஒரு வாரம்னு சுத்த வுடுவாங்க. கரும்பு டிராக்டர் பின்னாடியே ஊர்ந்து ஊர்ந்து போயி பஸ்ஸ வுட்டு எறங்குனா, "இன்னா மேடம், லோன் குடுக்கறீங்களா?"ன்னு ஓடி வருவாங்க. இல்லங்க, கேள்வி கேக்க வந்திருக்கோம்னா மூஞ்சி தொங்கிப்போயிடும். கேள்வி இன்னான்னு சொன்னா அந்த மூஞ்சியும் உள்ள போயி கதவ சாத்திக்கும்.

அதுல ரொம்ப அந்தரங்கமான கேள்வி நாப்பத்தி மூணு. அதயெல்லாம் நாங்க வாயால கேக்கக்கூடாது. டேப்லெட்ட கையில குடுத்து, ஹெட்போன காதுல மாட்டிவுட்டுட்டு, நாங்க பத்தடி தள்ளிப் போயிடணும். கேள்வி காதுக்குள்ள வரும், ஆமான்னா பச்சய தொடணும், இல்லன்னா செவப்ப தொடணும், இன்னா தொட்டாங்கன்னு எங்களுக்கே தெரியாது. நல்ல ஏற்பாடுதான், இல்லன்னு சொல்லல. ஆனா அதுல ஒரு சென்னைப் பொண்ணு செய்தி வாசிக்கறாப்பல, "கடந்த தொண்ணூறு நாட்களில் தாங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட பாலியல் இணையர்களுடன்"ன்னு ஆரம்பிக்கும். இங்க பொம்பளைங்க ஹெட்போன கழட்டி, "யக்கா, இது கலெக்டர் ஆபீசு மாரி பேசுது, எனக்கு வாணாம்"னு திருப்பிக் குடுத்துடுவாங்க. மூணு மாசம் கத்துனேன். கடசியில, அப்பன்னா நீயே பேசிக் குடுன்னுட்டாங்க. எங்க வூட்டு ரூம்ல ஃபேன நிறுத்தி, ஜன்னல்ல போர்வயத் தொங்கவுட்டு, வேர்த்து ஊத்த ஊத்த நாப்பத்தி மூணு கேள்வியும் நான்தான் பேசினேன். "ரொம்ப நன்றிங்க, ஹெட்போன கழட்டிடுங்க"ன்னு கடசியில ஒரு வரி, அதுவும் நான்தான். அதுக்கு எனக்கு ஒரு நன்றி சொன்னாங்களா? அந்தக் கதைய வுடுங்க.

அந்தப் பொண்ணுக்கு ராணின்னு பேரு வெச்சிக்குங்க. நெசப் பேர நான் சொல்லவும் மாட்டேன், சொல்லவும் கூடாது. கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்துல ஊரு. பகல் பதினோரு மணி, சுள்ளுன்னு வெயிலு. இருட்டு, ஆந்த, நாய் ஊளை, அதெல்லாம் ஒண்ணும் கெடயாது, நீங்க அத எதிர்பாக்காதீங்க. ராணிக்கு இருவத்தி ரெண்டு வயசு இருக்கும், அஞ்சு மாசம் முழுகாம இருந்தா. புருஷன் போர்வெல் வண்டியில வேல, வடக்க எங்கியோ போயி மாசக்கணக்குல போர் போட்டுட்டு வர்றவரு, அப்ப ஊருக்கு வந்திருந்தாரு, ஆனா அந்நேரம் வூட்ல இல்ல.

டேப்லெட்ட ஆன் பண்ணிக் குடுக்க வூட்டுக்குள்ள போனேனா, செவுத்துப் பலகையில முருகர் படத்துக்குப் பின்னால ஒரு வெள்ள பிளாஸ்டிக் டப்பா, மேல ஒட்டியிருந்த காகிதத்த கிழிச்சி எடுத்திருந்தாங்க. வேற யாரா இருந்தாலும் ஏதோ டப்பான்னு போயிடுவாங்க. நான் இதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், எச்.ஐ.வி. மாத்திர வாங்கறவங்கள ஆஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போற வேல பாத்தவ. கண்ண மூடிக்கினு தொட்டாலே அது இன்னா டப்பான்னு சொல்லிடுவேன். நான் பாக்கறத பாத்துட்டு அந்தப் பொண்ணே, "அவரு வயித்துப் புண்ணுக்கு சாப்புடறதுக்கா, மூணு மாசமா சாப்புடறாரு"ன்னா, வெகுளி.

ஆஸ்பத்திரியில காட்டுனியாம்மான்னு கேட்டேன். "இல்லக்கா, மலைமேல அம்மா வூட்ல இருந்துட்டு போன வாரந்தான் எறங்குனேன்"னா. வெளியேருந்து மாமியார், "ஏழாம் மாசம் போனா போதும், நாங்கள்லாம் எங்க போனோம்?"னு ஒரு போடு போட்டாங்க. இப்பவே ரத்தம் பாத்து மாத்திர ஆரம்பிச்சா புள்ளைக்கு ஒட்டாம காப்பாத்திடலாம், அது எனக்குத் தெரியும். ஆனா ஒருத்தருக்கு இருக்கறத இன்னொருத்தராண்ட நான் சொல்லக்கூடாது, கட்டுன பொண்டாட்டியா இருந்தாலும். அது தப்பான ரூல் இல்லீங்க, அப்பிடி ஒருத்தி வாய வுட்டு ஒரு குடும்பத்த ஊரே தொரத்துனத நான் கண்ணால பாத்திருக்கேன். அதனால, முழுகாம இருக்கறவங்க எல்லாரும் ரத்தம் பாக்கணும்மா, சீக்கிரம் போயிடுன்னு பொதுவா சொல்லிட்டு, எல்லாருக்கும் குடுக்கற ஆஸ்பத்திரி சீட்ட அவளுக்கும் குடுத்துட்டு, ஹெட்போன மாட்டிவுட்டுட்டு வெளிய வந்துட்டேன்.

குழாயடியில மாமியார் புடிச்சிக்கினாங்க. தண்ணி வரல, மோட்டார் ரிப்பேரு, தலைவர் சரியில்லன்னு ஒரே பாட்டு. நானும் ஆமாங்க, ஆமாங்கன்னு பதில் சொல்லிக்கினு இருந்தேன். உள்ளுக்குள்ள மட்டும் வேற ஓடுது. யம்மா, அது வயித்துப் புண்ணு மாத்திர இல்லம்மா, ஏழாம் மாசம் வரைக்கும் இருக்காத, நாளைக்கே போயிடு, புள்ளைக்கு ஆவாது. இதயேதான் திரும்பத் திரும்ப, மனசுக்குள்ள.

கொஞ்ச நேரத்துல ராணி வெளிய வந்தா. மூஞ்சியில ரத்தமே இல்ல. ஹெட்போன என் கையில குடுத்துட்டு, "நாளைக்கே போறேங்க்கா"ன்னா. பரவால்ல, சீட்டு வேல செஞ்சிடுச்சின்னு நான் பாட்டுக்கு அடுத்த வூட்டுக்குப் போயிட்டேன்.

ஒம்பதாம் நாளு ஆபீசுல ஒரே சத்தம். ராணி புருஷன், ராணியையும் இழுத்துக்கினு வந்திருக்காரு. "என் ரகசியத்த மெஷின்ல ஏத்தி என் பொண்டாட்டி காதுல போட்டீங்களே, நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா?"ன்னு மேசைய குத்துறாரு. எங்க சூப்பர்வைசர் சார் என்ன ஒரு பார்வ பாத்தாரு பாருங்க. வாயத் தொறந்தியான்னு கேட்டாரு. இல்ல சார்னேன். அந்தப் பொண்ண கேட்டாரு. அவ அழுதுக்கினே, கேள்வியெல்லாம் முடிஞ்சப்பறம் இந்தக்கா கொரலுல வந்துச்சின்னு சொல்லி, ஒண்ணொண்ணா ஒப்பிச்சா. யம்மா, அது வயித்துப் புண்ணு மாத்திர இல்லம்மா. ஏழாம் மாசம் வரைக்கும் இருக்காத. நான் மனசுக்குள்ள சொன்னதுல ஒரு வார்த்த மாறலீங்க.

"நீதான் வூட்டுக்குள்ள போயி சொல்லியிருக்க"ன்னாரு சார். அதுக்கு அந்தாளே, "இல்லீங்க, எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க, இவங்க குழாயடிய வுட்டு நவுரலன்றாங்க"ன்னாரு. அப்பறம் டேப்லெட்ட எடுத்து, கதவ சாத்திட்டு, சத்தமா போட்டாங்க. நாப்பத்தி மூணு கேள்வி. ரொம்ப நன்றிங்க, ஹெட்போன கழட்டிடுங்க. முடிஞ்சிது. நடுவுல ஒரு பொட்டு சத்தம் ஜாஸ்தி இல்ல. சென்னைக்கு போன் போட்டாங்க, அவங்க கம்ப்யூட்டர்ல பாத்துட்டு, ராணியோடதுல மட்டும் கடசி கேள்விக்கும் நன்றிக்கும் நடுவுல ஒரு நிமிஷம் பத்து செகண்டு சும்மா போயிருக்குன்னாங்க. "அந்தம்மா யோசிச்சிருப்பாங்க"ன்னு போன வெச்சிட்டாங்க. இன்னாத்த யோசிக்கறது? அங்க கேள்வியே இல்லியே!

அந்தாளு கத்தி ஓஞ்சதும் அப்பிடியே தரையில உக்காந்து, "நானே சொல்லணும்னுதான் இருந்தேன், வாய் வரல"ன்னு அழுதாரு. எனக்கு ஒரு மாசம் வேல இல்லன்னு வூட்டுல உக்கார வெச்சாங்க. திரும்பிப் போனா, என் கொரல எடுத்துட்டு வேற பொண்ண பேச வெச்சிருக்காங்க. போங்கடா நீங்களும் உங்க ஆராய்ச்சியும்னு இருந்திச்சி. ஆனா ராணிக்கு ரிசல்ட்டு இன்னான்னு நான் கேக்க முடியாது. யாரும் எனக்கு சொல்லவும் மாட்டாங்க. அதான் என்ன அரிச்சிக்கினே இருந்திச்சி.

ரெண்டு வருஷம் கழிச்சி கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல "யக்கா!"ன்னு ஒரு கொரலு. ராணி. இடுப்புல ஒரு பொண்ணு, பன்ன கடிச்சிக்கினு, கொழுகொழுன்னு. என் கையப் புடிச்சி ஓரமா இழுத்துக்கினு போயி, "எனக்கு இருந்திச்சிக்கா. மாத்திர போட்டுக்கினு இருக்கேன். ஆனா கொழந்தைக்கு கடசி டெஸ்ட்டும் பாத்துட்டாங்க, ஒண்ணுமே இல்லன்னுட்டாங்க"ன்னா. நான் அங்கியே அழுதுட்டேன். பஸ்ஸுக்கு நின்னவங்க எல்லாம் வேடிக்க பாக்கறாங்க, பாக்கட்டும்.

அதோட வுட்டிருந்தா நல்லாருந்திருக்கும். அவ சொல்றா, "மொத மாசம் தல சுத்தி, மாத்திரயத் தூக்கிப் போட்டுடலாம்னுதாங்க்கா இருந்தேன். நீங்கதான் தெனமும் ராத்திரி எட்டு மணிக்கு மாத்திர போட்டியான்னு கேட்டுக்கினே இருந்தீங்க. நேத்து வரைக்கும் ஒரு நாள் தவறலியே."

எனக்கு ஒண்ணும் புரியல. ஆஸ்பத்திரியிலேருந்து எவளோ போன் பண்றா, இவ நான்னு நெனச்சிக்கினு இருக்கான்னு தோணிச்சி. "எந்த நம்பர்லேருந்தும்மா வருது?"ன்னேன். ராணி சிரிச்சா. "என்னாண்ட ஏதுக்கா போனு? இருக்கற ஒண்ணயும் அவரு வண்டிக்கு எடுத்துக்கினு போயிடறாரு." அப்பறம் எப்பிடிம்மா கேக்கும்னேன். "கேக்குதேக்கா"ன்னா. சொல்லிட்டு என் மூஞ்சியையே பாத்தா, அவ சிரிப்பு கொஞ்சம் கொறஞ்சிது. "நீங்கதானே கேக்கறீங்க?"

நான் இல்லம்மான்னு சொல்லியிருக்கணும். சொன்னா இன்னிக்கு ராத்திரியிலேருந்து மாத்திர போடுவாளா? அத மட்டுந்தான் நெனச்சேன். "ஆமாம்மா, நான்தான். ஒரு நாளும் வுட்டுடாத"ன்னு சொல்லி பஸ் ஏத்திவுட்டுட்டேன்.

வூட்டுக்கு வந்து எங்க வூட்டுக்காரராண்ட சொன்னேன். சிரிப்பாருன்னு பாத்தா சிரிக்கல. "நீ ரெண்டு வருஷமா எட்டு மணி ஆனா, சமைச்சிக்கினு இருந்தாலும் சரி, டிவி பாத்துக்கினு இருந்தாலும் சரி, இன்னாமோ ஒண்ண மொணமொணக்கறியே. ஜெபம் பண்றேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்"னாரு. எனக்கு அப்பிடி எதுவுமே ஞாபகம் இல்ல.

போன வாரம் எனக்கு சரியான ஜுரம். ஏழு மணிக்கே மாத்திர போட்டு படுத்தவதான், காலையிலதான் கண்ணு முழிச்சேன். முழிச்ச ஒடனே, ராணி மாத்திர போட்டாளோ இல்லியோன்னு இவர எழுப்பி, நேத்து எட்டு மணிக்கு நான் ஏதாவது சொன்னனான்னு கேட்டேன்.

"யாரு பாத்தா? நான் மேட்ச்சில்ல பாத்துக்கினு இருந்தேன்"னாரு.