வேன் காகுவின் புது இன்ஜின்

புனேயின் தாபோடியில் கிரிஜாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாரும் மிச்சமில்லை. அவள் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். பிள்ளைகளுக்கு அவள் காகு, மராத்தியில் சித்தி. அவர்கள் கத்திக் கத்தி, பெற்றவர்களுக்கும் பால்காரனுக்கும், கடைசியில் புருஷன் பாலச்சந்திரனுக்கும்கூட அவள் காகு ஆகிவிட்டாள். பதினோரு வருஷமாக ஓட்டுகிறாள், வண்டியில் ஒரு கீறல் கிடையாது. தைரியசாலி என்று ஊரே சொன்னது. ஊருக்கு என்ன தெரியும்? அவளைப் போலப் பயந்தாங்கொள்ளி அந்த வட்டாரத்திலேயே இல்லை.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அந்த மாதிரி வேனில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். போன மழைக்காலத்தில் ஒரு நாள் கட்கி சிக்னலில், பெட்ரோலைக் காற்றோடு கலக்கிற கார்புரேட்டர் நிரம்பி வழிந்தது. வண்டி ஒருமுறை செருமியது. அடுத்த நொடி சீட்டுக்கு அடியில் குப்பென்று தீ. பின்னால் எட்டுப் பிள்ளைகள். காலடியில் கிடந்த ஈரச்சாக்கைப் போட்டு அமுக்கிவிட்டாள். பிள்ளைகள் ஏதோ வித்தை காட்டியதுபோலக் கைதட்டினார்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாந்தி எடுத்தாள்.

அன்று முதல் தினமும் சீட்டைத் தூக்கி மோந்து பார்க்காமல் சாவியைத் திருப்பமாட்டாள். யார் வேலையிலும் நம்பிக்கை போய்விட்டது. தீபாவளிக்கு முந்தின வாரம் புது பெட்ரோல் குழாய் வாங்கிவந்து, தன் கையாலேயே மாட்டி, கிளிப்பை முறுக்கினாள். அதற்கப்புறம்தான் கொஞ்சம் தூக்கம் வந்தது.

ஜனவரியில் இன்ஜின் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. மெக்கானிக் மாதவ் அதே தெருக்காரன், புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். பழைய இன்ஜின் விற்கிறவரிடம் இரண்டு பார்த்து வைத்திருந்தான். ஒன்று கார்புரேட்டர் வைத்தது, இன்னொன்று பம்ப் அழுத்திப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்‌ஷன்.

"கார்புரேட்டர்வாலா போட்டா ரெண்டே நாள்ல, பர்சோ வண்டி குடுத்துருவேன் காகு. சோக், ஜெட் எல்லாம் உங்களுக்கே அத்துப்படி. இன்ஜெக்‌ஷன்னா புது வயரிங், ஒரு கம்ப்யூட்டர் டப்பா, டேங்க் உள்ளே பம்ப், எவ்வளவோ ஜஞ்சட். ரோட்டில நின்னா உங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

"நின்னா நிக்கட்டும். எரியாது இல்ல?"

"கார்புரேட்டர் மாதிரி வழியற பேச்சே அதுல கிடையாது."

அவ்வளவு போதும் அவளுக்கு. பாலச்சந்திரன் ஆர்.டி.ஓ. அனுமதிக்கு நாயாய் அலைந்தான். பிள்ளைகள் மூன்று வாரம் ஆட்டோவில் போனார்கள். எல்லாம் முடிகிற நாளில் மாதவ் தலையைச் சொறிந்தான்.

"இந்த பெட்ரோல் ஹோஸும் மாத்தணும் காகு. இதுல பிரஷர் ஜாஸ்தி, பழைய ஹோஸ் தாங்காது. சரியான ஹோஸ் வர ரெண்டு நாள் ஆகும்."

"அது புதுசுடா! நானே போட்டது. ஒரு சொட்டு கசிஞ்சதில்ல. யாரோ மாட்டினதை வெச்சுக்கிட்டு நான் எப்படி நிம்மதியா ஓட்டுவேன்? வேணும்னா டபுள் கிளிப் போடு."

அவன் மறுபடி சொல்லிப் பார்த்தான். அவள் கேட்டால்தானே. டபுள் கிளிப் போட்டுக் கொடுத்தான்.

நான்காம் நாள் காலை, தாபோடிப் பாலத்தின் நடுவில், நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. பெட்ரோல் வாசனை மெல்ல வந்தது. பதினோரு வருஷம் அந்த வாசனையிலேயே குடித்தனம் நடத்தியவள், அதனால் மூக்கு அதைக் கண்டுகொள்ளவே இல்லை. பின்னாலிருந்து ஆறு வயது மீனு கத்தினாள்: "காகு, பழைய வாசனை திரும்ப வந்துடுச்சு!"

இந்த இன்ஜினில் அந்த வாசனை வரவே கூடாது. கிரிஜா சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தாள். ஓடிப்போய்ப் பக்கக் கதவைத் தள்ளினாள்.

"எல்லாரும் உத்ரோ, இறங்குங்க! பை வேண்டாம், விடு! ஓடு, அந்தச் சுவர்கிட்ட!"

பின்னால் பஸ்கள் ஹாரனை விடாமல் அடித்தன. எண்ணினாள். ஏழு. மறுபடி எண்ணினாள், எட்டில் ஏழுதான். தருண் உள்ளேயே இருந்தான். சீட்டுக்கு அடியில் தலையை விட்டுக் கழன்ற ஷூவைத் தேடிக்கொண்டிருந்தான். உள்ளே பாய்ந்து சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்தாள். சட்டை கிழிந்தது. அவன் அழுதான். அவளுக்கு அழக்கூட நேரமில்லை.

பாலத்தின் முனையிலிருந்து யாரோ ஒரு கடைக்காரர் தீயணைப்பானோடு ஓடிவந்தார். அவர் பக்கத்தில் நிற்க, முன் சீட்டைத் தூக்கினாள். குழாய் நீளவாக்கில் பிளந்திருந்தது. கிளிப் இரண்டும் அசையாமல் இருந்தன. உள்ளே எல்லாம் பெட்ரோலில் நனைந்து கிடந்தது. ஒரு சாண் தள்ளி, தொட்டால் பொசுக்குகிற சைலன்சர் குழாய். ஏன் பற்றவில்லை என்று அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சேதி கேட்டு மீனுவின் அம்மா சுஷ்மா ஸ்கூட்டரில் பறந்து வந்தாள். மகளைத் தூக்கிக்கொண்டே கிரிஜாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றினாள்.

"நீங்க தெய்வம் காகு. அந்த மாதவைச் சும்மா விடக்கூடாது. போலீஸ்ல குடுத்துடுவோம்."

கிரிஜா பேசாமல் இருந்திருக்கலாம். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மெக்கானிக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். கிரிஜாவுக்குத் தீயைவிட அந்தக் கை பயமாக இருந்தது. உருவிக்கொண்டாள்.

"அவன் மாத்தணும்னு சொன்னான், சுஷ்மா. நான்தான் என் ஹோஸையே போடச் சொன்னேன். ரெண்டு தடவை சொன்னான். நான் கேக்கல."

சுஷ்மா அவளையே பார்த்தாள். மீனுவை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மற்ற ஏழு வீட்டுக்கும் கிரிஜா அன்றே நடந்து போய் அதையே சொன்னாள். இரண்டு வீட்டில் முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினார்கள். சரியான குழாயை மாதவே மாட்டினான். அவள் கிட்டேகூடப் போகவில்லை. பிறகு எட்டு நாள், அதே நேரத்தில் அதே வழியில், காலி வண்டியை ஓட்டினாள். காலியாக இருந்தும், பாலத்துக்கு முன்னால் ஓரங்கட்டி, சீட்டைத் தூக்கி மோந்து பார்த்த பிறகே ஏறினாள்.

ஒன்பதாம் நாள் சுஷ்மாவின் கட்டட வாசலில் நின்று ஒரு முறை ஹாரன் அடித்தாள். வருவார்கள் என்று நினைக்கவில்லை. சுஷ்மா மீனுவோடு இறங்கி வந்தாள். மீனுவை வாட்ச்மேன் பக்கத்தில் நிறுத்திவிட்டு, முன் கதவைத் திறந்து, இன்ஜின்மேல் இருக்கிற அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"பாலம் வரைக்கும் போய்ட்டு வாங்க."

போனார்கள். பாலத்தின் நடுவில் இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை இழுத்து மோந்து பார்த்தார்கள். வெறும் ஆற்று நாற்றம்தான்.

திரும்பி வந்ததும் சுஷ்மா இறங்கி, மகளைப் பின்னால் ஏற்றிக் கதவைச் சாத்தினாள். பிறகு தானும் மறுபடி அதே முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். பரீட்சை முடிகிறவரை ஒரு நாள் தவறாமல் அப்படித்தான் வந்தாள். கிரிஜா ஒரு நாளும் வேண்டாம் என்று சொல்லவில்லை.