ரேந்தை அறை இங்கிலீஷ்

அப்போதெல்லாம் எங்கள் பக்கத்தில் ஒருவருடைய இங்கிலீஷை, எத்தனாவது பாடப்புத்தகம்வரை படித்தார் என்ற கணக்கில்தான் அளப்பார்கள். மாப்பிள்ளை நாலாம் புக்கு என்றால் பெண் வீட்டார் எழுந்து நின்று பேசுவார்கள். அந்த நாலாம் புக்கு மாப்பிள்ளைக்கு ஒரு தந்தி வந்தால், படித்துச் சொல்ல ஆள் தேடித் தக்கலைக்கு ஓடுவார் என்பது வேறு விஷயம். அதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நான் இரண்டாம் புக்கு. அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. பன்னிரண்டு வயதில், லேஸ் பின்னுகிற மிஷன் ரேந்தை அறையில் என்னை உட்காரவைத்தார்கள்.

நாங்கள் பின்னும் ரேந்தையெல்லாம் சீமைக்குப் போகும். போன சரக்கு எப்படி வந்துசேர்ந்தது, இனி என்ன அகலம், எத்தனை கெஜம், ஓரத்தில் எந்தப் பூ என்று அங்கிருந்து இங்கிலீஷில் கடிதம் வரும். மேற்பார்வை பார்த்த அக்காவுக்குக் கண் மங்கியதும் அந்தக் கடிதங்களைப் படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு சொல்லைத் தப்பாகப் படித்தால் எட்டுப் பெண்கள் நாலு நாள் பின்னியது வீண். முதல் வருஷம் அப்படி இரண்டு தடவை நடந்தது. அவர்கள் என்னைத் திட்டிய திட்டு இன்னும் காதில் நிற்கிறது. அதைவிடக் கண்டிப்பான பரீட்சையை நான் எங்கும் எழுதியதில்லை. அதை ஐந்து வருஷம் எழுதினேன்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது, மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு படிப்புக்குப் பெண்கள் வேண்டும் என்று சபையில் அறிவித்தார்கள். நாலாம் புக்கு இங்கிலீஷ் வேண்டுமாம். எனக்கு அந்த இடம் வேண்டும். முப்பது வயதிலேயே முதுகு வளைந்து, ஊசிக்கண் தெரியாமல் தடவுகிற பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவள் நான். வேறு வழியும் எனக்கு இல்லை. எங்கள் உபதேசியார் சிபாரிசுக் கடிதம் தந்தார். அப்பா துணைக்கு வந்தார்.

ஆஸ்பத்திரியில் மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்கார மதாம்மா, பக்கத்தில் நம்மூர்க் கிளார்க்கு.

"எத்தனாம் புக்கு?" என்றார் கிளார்க்கு.

"ரெண்டு."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"புக்கை விடுங்க. கேட்டுப் பாருங்க" என்றேன்.

உன் அப்பா எப்படி இருக்கிறார் என்று மதாம்மா இங்கிலீஷில் கேட்டார். நான் அதுவரை இங்கிலீஷைப் படித்திருக்கிறேனே தவிர, ஒருவரிடமும் வாய்திறந்து பேசியதில்லை. எனக்குத் தெரிந்தது கடித இங்கிலீஷ். அதில்தான் பதில் சொன்னேன். என் தகப்பனார் சேதம் ஏதுமின்றி நல்ல நிலையில் வந்துசேர்ந்தார் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம் என்றேன்.

கிளார்க்கு வாயைப் பொத்திக்கொண்டார். இத்தனை வயதுவரை ஏன் வரவில்லை என்பது அடுத்த கேள்வி. தாமதத்துக்கு மிகவும் வருந்துகிறோம், இனி இவ்வாறு நேராது என்றேன். மதாம்மாவும் சிரித்துவிட்டார்.

அப்பா சேதமில்லாமல்தான் வந்திருந்தார், வெளியே மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். நானும் தாமதமாகத்தான் வந்திருந்தேன். கேட்டதற்கு நேரான பதில். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது?

மதாம்மா ஒரு சீட்டில் நாலு வரி எழுதி, மடித்து, இதை உபதேசியாரிடம் கொடுத்துவிடு என்று சைகையோடு சொன்னார். உறையில் போடவில்லை. போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நான் அங்கேயே பிரித்தேன்.

"ஏட்டி, அது ஒனக்குள்ளது இல்ல" என்றார் கிளார்க்கு.

"என்னைப் பத்தினதுதானே?" என்றேன். நின்ற இடத்திலேயே, முதல் சொல்லிலிருந்து கையெழுத்துவரை, இங்கிலீஷில் உரக்கப் படித்தேன். சத்தம் கேட்டு அப்பா வாசலுக்கு வந்துவிட்டார். அவர் பக்கம் திரும்பி அதையே தமிழில் சொன்னேன்.

"எப்பா, இந்தப் பிள்ளை எதையோ மனப்பாடம் பண்ணீட்டு வந்திருக்கா, சாதாரண இங்கிலீஷ் இவளுக்கு வெளங்காது, வேணும்னா வார்டு தூத்துத் தொடைக்க வச்சுக்கிடலாம்னு எழுதியிருக்காவ."

அப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். மதாம்மாவின் முகம் காதுவரை சிவந்தது. கையை நீட்டி, அதைத் தா, வேறு எழுதித் தருகிறேன் என்றார். வேறு எழுதுங்கள், ஆனால் இது என்னிடமே இருக்கும் என்றேன். அதையும் இங்கிலீஷில்தான் சொன்னேன். அந்த வாக்கியம் எந்தக் கடிதத்திலும் வந்ததில்லை. நானே கட்டியது. கிளார்க்கு இப்போது சிரிக்கவில்லை.

மதாம்மா இன்னொரு சீட்டு எடுத்து எழுதினார். அதையும் அவர் முன்னாலேயே படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

கொஞ்ச தூரம் நடந்தபிறகு அப்பா கேட்டார். "ரெண்டாவது சீட்டுல என்ன எழுதியிருக்கு?"

"இங்கிலீஷ் நல்லாத் தெரியும், நர்சு படிப்புக்கு எடுத்திருக்கோம்னு."

அப்பா நின்றுவிட்டார்.

"நீ உள்ள போயி அரை மணிக்கூர்கூட ஆகல்லியே மக்கா. அதுக்குள்ள எங்க போயி படிச்சே?"