இரண்டு ரேடியோவில் ஒரே குரல்

வானொலி நிலையத்தில் அவளை எல்லோரும் டவர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஊருக்கு வெளியே, கோபுரத்தடியில் இருந்த ஒலிபரப்பு அறையில் தனியாக வேலை பார்த்துப் பழகியவள். கணவர் நகரத்து ஸ்டூடியோவில் அறிவிப்பாளர். இருவரும் பிரிந்து சில வருடங்களாகிவிட்டன. பெரிய சண்டை எதுவும் இல்லை. பேச்சு குறைந்து குறைந்து, ஒருநாள் அடியோடு நின்றுபோனது. ஆனாலும் அவர் குரலை அவள் தினமும் கேட்டாள். அதை ஊருக்கு அனுப்புவதுதானே அவள் பிழைப்பு.

ஏ.எம்.மை விட்டு எஃப்.எம்.முக்கு மாறலாமா என்று நிலையத்தில் பேச்சு எழுந்தது. சோதனைக்காக ஒரே நிகழ்ச்சியை இரண்டிலும் ஒலிபரப்புவது, எது எங்கே எப்படிக் கேட்கிறது என்று அவள் வேனில் போய்ப் பார்த்து வருவது என்று முடிவானது.

இரண்டுக்கும் என்னதான் வித்தியாசம் என்று வேன் டிரைவர் கேட்டார். ஏ.எம்.மில் குரலுக்கேற்ப அலையின் உயரம் கூடும், குறையும். மின்னலும் மோட்டாரும் கைவைப்பதும் அந்த உயரத்தில்தான், அதனால் கரகரக்கும் என்றாள். எஃப்.எம்.மில் உயரம் மாறாது, அலை துடிக்கும் வேகம் மட்டும் கூடிக் குறையும். குரல் சுத்தமாக வரும், ஆனால் மலை குறுக்கிட்டால் போச்சு.

"அப்ப ஒண்ணு கத்திக்கிட்டே ஊரெல்லாம் சுத்தும். இன்னொண்ணு அழகா பேசும், வாசப்படி தாண்டாது. எங்க வீட்டுலயும் அப்படித்தான் மேடம்" என்றார் டிரைவர்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கே நினைவில்லை.

கடைத்தெருவில் வெல்டிங் பட்டறைப் பக்கம் ஏ.எம். இரைச்சலில் முங்கியது. அவள் எஃப்.எம். ரேடியோவின் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். கணவர் செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் நடுவே மெல்லிய விசில் சத்தம். கருவியில் கோளாறோ என்று பார்த்தாள். இல்லை, அது அவருடைய மூச்சு. ஏ.எம்.மில் இப்படிப்பட்ட சன்னமான ஒலிகள் வெட்டுப்பட்டுவிடும். இத்தனை நாளும் கோபுரத்தடியில் அவள் கேட்டது ஏ.எம்.மில்தான், அதனால் அது அவள் காதுக்கு எட்டவேயில்லை.

வேனை ஓரங்கட்டச் சொன்னாள். செய்தி முடிந்து அவர் பாட்டு போட்டதும் அவருக்குப் போன் செய்தாள்.

"உங்களுக்கு மூச்சு இழுக்குது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. எஃப்.எம்.ல கேக்குது."

"பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியல" என்றார் அவர்.

"டாக்டரப் பாருங்க. வேணும்னா நானும் வரேன்."

"வேணாம். தங்கச்சிய வரச் சொல்றேன்." இன்னும் ஏதோ சொல்லப்போனவர், பாட்டு முடிவதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

மலையைத் தாண்டியதும் எஃப்.எம். அறுந்தது. ஏ.எம். கரகரத்துக்கொண்டே கூட வந்தது. நகரத்துக்கு எஃப்.எம். போதும், மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஏ.எம்.மை நிறுத்தக் கூடாது என்று அவள் எழுதிக் கொடுத்தாள். மேலிடம் ஒப்புக்கொண்டது.

சில வாரங்கள் கழித்து நாத்தனார் பேசினாள். நுரையீரலில் நீர் கோத்திருந்ததாம். "அண்ணனுக்கு இப்ப தேவல அண்ணி. நல்லவேளை, முன்னாடியே பாத்தாச்சு" என்றாள். பேசச் சொன்னது அவரா என்று இவள் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

எஃப்.எம். முறைப்படி தொடங்கிய அன்று, நீண்ட விடுப்பில் போயிருந்த அவருக்குப் பதில் ஒரு புதுப்பெண் வாசித்தாள். நல்ல தெளிவான குரல். டவர் அக்கா ஒலி அளவைச் சரிபார்த்தாள். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள்.