குருத்து வெளுத்த வருஷமும் பேச்சிமுத்து அண்ணாச்சியும்

சுண்ணாம்பு சுடும் காளவாசலில் நாங்கள் சிப்பி கொட்டிக்கொண்டிருந்தபோது வண்டிக்காரர் சுடலை மாட்டை அவிழ்க்காமலே இறங்கி வந்தார். "ஏலே, கூடையை எறக்குங்க. அண்ணாச்சி போயிட்டாரு," என்றார். எங்களோடு சிப்பி சுமக்கும் இசக்கியம்மாள் மட்டும், "எந்த அண்ணாச்சி?" என்று கேட்டாள். தெரிந்தேதான் கேட்டாள். வேறு யாராகவாவது இருக்கட்டும் என்ற ஆசை.

பேச்சிமுத்து அண்ணாச்சி தூத்துக்குடிக் கரையில் சிப்பி ஓடுகளைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி விற்றவர். ஓடு சுமந்தவர்களில் நானும் ஒருவன். இந்த வயதில்தான் எழுதப் பழகினேன். ஒவ்வொரு எழுத்தாக மெதுவாகத்தான் வருகிறது. ஆனாலும் அவர் பெயரை என் கையால் எழுதிப் பார்க்கும்போது மனம் நிறைந்துபோகிறது. அவரிடம் காட்ட முடியாமல் போயிற்றே என்பதுதான் வருத்தம்.

யுத்த காலத்தில் வீடு கட்டுவார் இல்லை. சுண்ணாம்பு தேங்கிவிட்டது; அரிசியோ கண்ணில் படவில்லை. அண்ணாச்சி எங்களைக் கைவிடவில்லை. சாயர்புரம் பக்கத்தில் இருந்த தம் நிலத்தில் மக்காச்சோளம் போடலாம் என்றார். "கூலி குடுக்க வழியில்ல. வெளையிறதுல மொதல்ல உங்க அடுப்பு எரியட்டும். மிஞ்சினா எனக்கு."

விதைக்கும் முன்னால், தேங்கிக் கிடந்த சுண்ணாம்பையெல்லாம் நிலத்தில் இறைக்கச் சொன்னார். "கோயிலையும் வீட்டையும் நிக்க வச்ச சுண்ணாம்பு, ஒரு செடியை நிக்க வைக்காதா?" என்று கேட்டார். சுண்ணாம்பிலேயே பிழைத்த எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. பாதையோரத்தை முதலில் விதைத்தோம். அடுத்த மழைக்குப் பின்புறத்தை விதைத்தோம்.

பாதையோரப் பயிர் வளர வளரக் குருத்து வெளுத்தது. நரம்புக்கு இருபுறமும் வெள்ளைப் பட்டை விழுந்தது. பின்னால் முளைத்த இளம்பயிரும் அப்படியே வெளுத்தது. போகிறவர்கள் நின்று சிரித்தார்கள். "என்ன அண்ணாச்சி, செவுத்துக்கு அடிக்க வேண்டியதைச் சோளத்துக்கு அடிச்சிட்டீரா?" அண்ணாச்சியும் சிரித்தார். "பொங்கல் வருதுல்லா, வெள்ளையடிச்சேன்," என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

விவசாய இலாகா அதிகாரி வந்து குருத்தைப் பிரித்துப் பார்த்தார். சுண்ணாம்பு மிஞ்சியதால் மண்ணிலுள்ள துத்தநாகத்தை வேரால் எடுக்க முடியவில்லை என்றார். நாட்டு மருந்துக் கடையில் விற்கும் பால்துத்தத்தில் துத்தநாகம் உண்டாம். அதைத் தண்ணீரில் மெலிதாகக் கரைத்துத் தெளிக்க வேண்டும். "பயிருக்குத் தேவை துளிதான். ஆனால் இளசிலேயே கொடுக்கணும். இலையும் தண்டும் ஓங்கி வளரும்போதுதான் நிறைய எடுக்கும். கதிர் வெளியே வந்த பிறகு கொடுத்துப் பெரிய பலன் இல்லை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரெல்லாம் தேடியும் பால்துத்தம் கொஞ்சம்தான் கிடைத்தது. கப்பலில் சரக்கு வராத காலம். ஒரு பகுதிக்குத்தான் காணும். இளம்பயிருக்கே தெளிக்க வேண்டும் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும்.

"பின்னால உள்ளதுக்கு ஊத்துங்க அண்ணாச்சி. அதுதான இன்னும் குடிக்கும்?" என்றாள் இசக்கியம்மாள்.

அண்ணாச்சி பாதையோரப் பயிரையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆளுயரம் வளர்ந்து பூட்டை தள்ளி, கதிரும் வெளியே வந்திருந்தது. "இத்தனை நாள் வளந்து நிக்குத புள்ளையை எப்படிளா கைவிடுவேன்?" என்று சொல்லி, பூவாளியைத் தாமே வாங்கி அங்கே தெளித்துவிட்டார். அவர் முகத்தைப் பார்த்த பிறகு நாங்களும் தண்ணீர் மொண்டு கொடுத்தோம்.

மேல் இலைகளில் கொஞ்சம் பச்சை திரும்பியது. அதைக் கண்டு குழந்தைபோல் நான்கு நாள் குதித்தார். கதிரை உரித்தபோது பல் விழுந்த வாய்போல் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மணிகள் இருந்தன. பின்புறப் பயிரோ முழங்காலுக்கு மேல் எழவே இல்லை. இருந்ததை எங்கள் வீடுகளுக்குப் பங்கு வைத்தார். எதுவும் மிஞ்சவில்லை. அந்த வருஷம் நாங்கள் பனங்கிழங்கைத் தின்று காலம் தள்ளினோம். அவர் வீட்டிலும் அதுதான்.

அதற்குப் பிறகு அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை இதுதான்: "குடிக்க முடிஞ்சதுக்குக் குடுக்காம, குடிச்சு முடிச்சதுக்குக் குடுத்தேன்வே." நாங்கள் எவ்வளவு சமாதானம் சொல்லியும் அது அவரை விட்டுப் போகவில்லை. அண்ணாச்சிக்கு அறிவு குறைவில்லை. வளர்ந்து நின்றதை விட்டுவிட மனசுதான் வரவில்லை. அதற்காக அவரை எப்படிக் குறை சொல்வது?

யுத்தம் முடிந்தும் தானியத் தட்டுப்பாடு தீரவில்லை. இந்த வருஷம், சுண்ணாம்பு படாத வேறு நிலத்தில் மறுபடியும் சோளம் போட்டார். எங்கேனும் ஒரு குருத்து லேசாக வெளுத்தாலும் போதும், இப்போது கடையில் கிடைக்கிற பால்துத்தத்தைக் கரைத்து அன்றைக்கே பூவாளியோடு வந்துவிடுவார். செடிகளுக்கு நடுவே குந்தி, குருத்துக்குள் எட்டிப் பார்த்து, "குடிக்குதுவே, குடிக்குது," என்பார். மணியில் பால் பிடிக்கும் நேரத்தில் காய்ச்சலில் படுத்தார். பிறகு எழவில்லை.

அண்ணாச்சி, நேற்று ஒரு கதிரை உரித்துப் பார்த்தோம். அடி முதல் நுனி வரை மணி நெருக்கமாக இருக்கிறது. நாளை ஒடிக்கிறோம். முதல் கூடை உங்கள் வீட்டு அடுப்புக்குத்தான் என்று எல்லாரும் சேர்ந்து முடிவுசெய்துவிட்டோம். போய் வாருங்கள், அண்ணாச்சி. வேண்டாம் என்று சொல்ல இப்போது நீங்கள் இல்லை.